பாட்டு முடிந்த பிறகு நான்கு நிமிடம்

எய்யா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ சென்னை வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாய். அடுத்த மாதம் கனடாவுக்குக் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், "ப்பா, உங்க அந்தப் பழைய கேசட்டு இங்கனதான் கெடக்கு. பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன்லா? இதைத் தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டாய். நான் உன் இஷ்டம் என்றேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். அந்த ஏனுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் சுகந்திக்குப் போன் போட்டேன். என் மருமகள் நல்ல பிள்ளை. "இல்ல மாமா, டப்பாவுலதான் இருக்கு. ஏன் மாமா ஒரு மாதிரி பேசுதீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா. அதை உன் கைப்பையில எடுத்து வை. அவனுக்கு நான் எழுதுதேன்" என்றேன். அதனால் இப்போது எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீயும் நானும் மற்ற அப்பா பிள்ளைகள் மாதிரி நிலத்துக்கோ கல்யாணத்துக்கோ சண்டை போட்டதில்லை. நாம் போட்ட சண்டையெல்லாம் மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும்தான். சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, அறுபதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு பேர் போட்ட ஒரு ராக் ஆல்பத்துக்கு எது சரியான பதிப்பு என்று அப்பனும் மகனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த வீடு நம் வீடாகத்தான் இருக்கும். மோனோவில் எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து வரும், ஸ்டீரியோவில் டிரம்ஸ் ஒரு காதில், பாடுகிறவன் மறு காதில், நடுவில் யாரும் இல்லாத காலி இடம் என்று நான் குறை சொல்வேன். நீ சிரிப்பாய். "ப்பா, அது பழைய ஸ்டீரியோ. இப்ப வந்திருக்க ரீமாஸ்டரைக் கேளுங்க. எல்லாத்தையும் பிரிச்சு, தூசி தட்டி, அழகா அடுக்கி வச்சிருக்கான்" என்பாய். அந்தக் காலத்தில் அவர்களே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது மோனோவைத்தான், ஸ்டீரியோவை யாரோ அவசரத்தில் கலந்தார்கள் என்று நான் எங்கேயோ படித்ததை எடுத்து விடுவேன். ஒரே ஆல்பத்துக்கு நம் வீட்டில் ஐந்து பதிப்பு இருந்தது. உன் அத்தை அதைப் பார்த்து, "ஒரே பாட்டை அஞ்சு வாட்டி வாங்கி வச்சிருக்க ஒரே கிறுக்கன் எங்க அண்ணன்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன ஆடித்தபசுக்கு நீ வந்தபோது நடந்தது நினைவிருக்கும். ரத வீதியில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. நீயோ மாடி அறையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, தலையில் பெரிய ஹெட்போனை மாட்டினாய். புதிதாக வந்த மோனோ ரீமாஸ்டர், புதிய ஸ்டீரியோ ரீமாஸ்டர், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாய். எட்டுத் தடவை போட்டாய். எட்டுத் தடவையும் சரியாகச் சொன்னேன். ஹெட்போனில் இரண்டு காதையும் வைத்துச் சொல்வது பெரிய வித்தை இல்லை என்று, ஒரே ஸ்பீக்கரில் போட்டுச் சோதித்தாய். அப்போதும் சொன்னேன். இரண்டாவது பாட்டு மோனோவில் ஒரு சுற்று கூடுதலாக ஓடித்தான் மங்கும். நான்காவது பாட்டில் கிடார் ஒரு இடத்தில் குரலுக்கு மேலே ஏறி வரும், ஸ்டீரியோவில் அடங்கி இருக்கும். "எப்படிப்பா கண்டுபிடிக்கீங்க? பாட்டு முடியுத இடத்தைத்தான் நீங்க கவனிக்கீங்க, நானும் பார்த்துட்டே இருக்கேன்" என்றாய். அது உண்மைதான். நான் எப்போதும் பாட்டு முடிகிற இடத்தைத்தான் கேட்கிறேன். ஏன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என் காதைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

துபாயில் நான் ஏசி மெக்கானிக்காக இருந்த கதை உனக்குத் தெரியும். கடையநல்லூர் காதர் பாயும் நானும் ஒரே அறை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் வைத்திருந்தார். அந்த அறையில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் தபால்பெட்டி. இப்போது உனக்குச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஊரிலிருந்து கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். உன் அம்மா இங்கே பேசிப் பதிந்து, துபாய்க்குப் புறப்படுகிற யாராவது கடையநல்லூர்க்காரர் கையில் கொடுப்பாள். நான் அதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அவள் பேசியதன் மேலேயே என் பதிலைப் பதிந்து, ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவேன். அவள் அதன் மேல் மறுபடி பேசுவாள். அவள் பேச்சை நான் அழித்தேன், என் பேச்சை அவள் அழித்தாள். எங்கள் அறையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பேசினால் கேட்டாயிற்று, கேட்டால் முடிந்தது. அடுத்தது வரத்தான் போகிறது என்று இருந்தோம்.

எங்கள் கம்பெனியில் ஒரு இங்கிலாந்துக்கார இன்ஜினியர் இருந்தார். அவர் வீட்டு ஏசியைப் பழுது பார்க்கப் போன இடத்தில்தான் அந்த ஆல்பத்தின் மோனோ ரெக்கார்டை முதன்முதலில் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து போட்டார். அதன் பிறகு கூப்பிடாமலேயே அவர் வீட்டு ஏசியைப் பார்க்கப் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை, வேலையை விட்டு மறுநாளே ஊருக்குப் போவதாகச் சொல்லியனுப்பினார். பெட்டி கட்டுவதற்குள் வந்தால் ரெக்கார்டைப் பதிந்துகொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை மதியம், கடையெல்லாம் அடைத்திருந்தது. புதுக் கேசட் கிடைக்க வழியில்லை. அறையில் என்னுடையது என்று இருந்தது ஒன்றே ஒன்று, பதினைந்து நாளைக்கு முன்னால் உன் அம்மாவிடமிருந்து வந்த தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் முழுக்க அவள் பேசியிருந்தாள். மறுபக்கம் கரிவலம்வந்தநல்லூரில், அவள் பிறந்த ஊரில் நடந்த கோயில் கொடையின் நையாண்டி மேளம். காதர் பாய்க்கும் மற்றவர்களுக்கும் அந்த மேளம் ரொம்பப் பிடிக்கும். அதை அழித்தால் சண்டைக்கு வருவார்கள் என்று அதை விட்டுவைத்தேன். அவள் பேச்சை இரண்டு தடவை கேட்டாயிற்றே என்று அந்தப் பக்கத்தை எடுத்தேன். நான் யோசித்த லட்சணம் அதுதான். மேளத்தைக் காப்பாற்றினேன்.

டூ இன் ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய், ரெக்கார்டு பிளேயரிலிருந்து வயரைச் சொருகிப் பதிந்தேன். முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, உள்ளறையில் ஒரு பெட்டியைத் தூக்கக் கை கொடு என்று அந்த மனிதர் கூப்பிட்டார். போனேன். பாட்டு முடிந்தது, ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது. டேப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் திரும்பி வந்து நிறுத்துவதற்குள் நான்கு நிமிடம் போய்விட்டது. பாட்டுக்காக அழித்தது முப்பத்தைந்து நிமிடம். இந்த நான்கு நிமிடத்தை ஒன்றுக்கும் இல்லாமல் வீணாக அழித்தேன். அதில் பாட்டும் இல்லை, என் குரலும் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல ரெக்கார்டிங் கிடைத்துவிட்டது என்று விசிலடித்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

கேசட்டில் பாட்டு ஏறிவிட்டதால் அந்த மாதம் உன் அம்மாவுக்குப் பதில் போகவில்லை. வேறு கேசட் வாங்கிப் பேசி அனுப்பலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் தள்ளிவிட்டேன். எனக்கு வேலை அதிகம் என்று பொய் சொல்ல மாட்டேன். பொழுது கிடைத்தபோதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே அவள், துபாயிலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடையநல்லூருக்கே பஸ் ஏறிப் போய், "எங்க வீட்டுக்காரர் கேசட்டு ஏதும் குடுத்துவிட்டாகளா?" என்று கேட்பாளாம். இதை உன் அத்தை எனக்குப் பின்னால்தான் சொன்னாள். பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். தந்தி கிடைத்து நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. உனக்கு மூன்று வயது. என்னைப் பார்த்து யாரோ என்று அத்தை பின்னால் போய் ஒளிந்துகொண்டாய்.

உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு மறுபடி துபாய் போனேன். ஒருநாள் மதியம் மனசு சரியில்லாமல் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பாட்டு முடிந்தது. எழுந்து நிறுத்தச் சோம்பலாக இருந்தது. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் உன் அம்மா பேசினாள். நான் போட்ட சத்தத்தில் காதர் பாய் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தார். "என்ன வே, ஏன் இப்படிக் கெடந்து கத்துதீரு?" என்றார். டேப்பைக் காட்டினேன். அவரும் நின்று கேட்டார். முடிகிறவரை கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். "இதை அடிக்கடி போடாதேயும் வே. நாடா தேஞ்சு போவும். இதுக்கு மேல இல்ல பாத்துக்கிடும்" என்று சொல்லி, கேசட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஒடித்துவிட்டார், இனி யாரும் அதில் எதையும் பதிய முடியாதபடி. அது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டிய காரியம்.

மிச்சம் இருப்பது ஆறு நிமிடம். துபாயை விட்டு ஊரோடு வந்த பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை, அவள் திதி அன்று மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போன பிறகு, அத்தை கோமதி அம்மன் கோயிலுக்குப் போன பிறகு. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே, "ப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க அத்தை குரல் மாதிரிதான் இருக்கும்" என்றேன். அதே நேரத்தில் கேசட் பீரோவில், உன் கைக்கு எட்டுகிற தட்டில் இருந்தது. உன் அம்மா குரலுக்கும் அத்தை குரலுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் அன்றைக்கு எழுந்து பீரோவைத் திறந்திருந்தால் நீ ஆறு நிமிடம் கேட்டுவிட்டு, "மிச்சம் எங்கப்பா?" என்று கேட்டிருப்பாய். ஒரு பாட்டுக்காக நான்தான் அழித்தேன் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருபது வயதிலும் சொல்லவில்லை. உன் கல்யாணத்தன்றும் சொல்லவில்லை. அவள் பேச்சை அழித்தது அறியாமல் செய்தது. உனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது தெரிந்தே செய்தது. இரண்டில் இதுதான் பெரிய தப்பு.

ஆடித்தபசுக்கு வந்தபோது நீயாகவே பீரோவிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தாய். "இதைத்தான சொல்லுவீங்க, உலகத்துலயே நல்ல மோனோன்னு? நான் கொண்டுபோயி ஏத்துதேன்" என்றாய். நான் தடுக்கவில்லை. நீயே கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாய், நான் வாய் திறந்து சொல்ல வேண்டிய வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் ஒரு கோழைத்தனமான நிம்மதி. ஒரு மாதம் உன் போனுக்காகக் காத்திருந்தேன். நீ அழைத்தாய். "ப்பா, ஏத்திட்டேன். இடையில கரகரன்னு இருந்ததை எல்லாம் எடுத்துட்டேன். இப்ப மோனோவையே பிரிச்சு ஸ்டீரியோ ஆக்கலாம் தெரியுமா? குரல் தனி, டிரம்ஸ் தனியாக் கேக்கும். கடைசிப் பாட்டுக்கு அப்புறம் வெறும் இரைச்சல்தான், அதோட நிறுத்திட்டேன்" என்றாய். உன் மேல் குற்றமில்லை. பாட்டு முடிந்த பிறகு நான்கு நிமிட இரைச்சலை உட்கார்ந்து கேட்கிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

நீ அனுப்பியதை நான் கேட்டேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய், வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர. ஆனால் கடைசிப் பாட்டு மங்கியதும் ஒரு சுத்தமான மௌனம் வந்தது. அங்கே ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். நான் மோனோ மோனோ என்று உன்னோடு மல்லுக்கு நின்றது எல்லாம் இதற்குத்தான். ஆல்பத்துக்கு எது சரியான பதிப்பு என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கேசட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்ப வேண்டும், யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமாகத்தான் மோனோவைப் பிடித்துக்கொண்டேன். நீ உண்மையென்று நம்பி இத்தனை வருஷம் என்னோடு வாதாடினாய். அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

அந்த ஆறு நிமிடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். அவள் பேச்சு நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கும். "அதான் சொல்லுதேன். நீங்க வரும்போ அதை மட்டும் மறந்துராதீங்க. வேற எது மறந்தாலும் பரவால்ல." இதுதான் முதல் வாக்கியம். எதை மறக்கக் கூடாது என்று அவள் சொன்னது, நான் ஒன்றுமில்லாமல் அழித்த அந்த நான்கு நிமிடத்தில் இருக்கிறது. இரண்டு தடவை கேட்டவன்தான் நான். நினைவில்லை எய்யா. மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன், வரவில்லை. அதன் பிறகு மழை பெய்ததைச் சொல்வாள். பக்கத்து வீட்டில் புதுத்தறி போட்டதைச் சொல்வாள், அந்தச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு, "எய்யா, இங்கன வா. அப்பாகிட்ட பேசு" என்று உன்னைக் கூப்பிடுவாள். நீ பேச மாட்டாய். தறி மாதிரி டக்கடக்க டக்கடக்க என்று வாயாலேயே சத்தம் போடுவாய். அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. கடைசியில், "நாடா முடியப் போவுது. உடனே பதில் போடுங்க. போன தடவை மாதிரி..." என்பாள். அதோடு நாடா தீர்ந்துவிடும்.

எதை மறக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். தையல் மிஷின் வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள் என்று அடுத்த தடவை வரும்போது வாங்கி வந்தேன். அத்தை அறையில் துணி போட்டு மூடிக் கிடக்கிறதே, யாரும் தைக்காத மிஷின், அது இதுதான். கோயிலுக்கு நேர்ந்திருப்பாளோ என்று உனக்கு இரண்டு தடவை மொட்டை போட்டேன். நீ அழுதாய், எதுக்குப்பா மறுபடியும் என்று. அவள் தம்பிக்கு ஒரு வாட்ச் கொடுத்தேன். அவனும் ஏன் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் இதுவாக இருக்கக் கூடாதா என்று நினைப்பேன். இதுதான் என்று எதையும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

கனடா போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது. உன் போனில் உன் மகளின் ஆயிரம் வீடியோ இருக்கிறது, எதையும் எதன் மேலும் பதிய வேண்டியதில்லை. அதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் சுகந்தி ஏதாவது கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லு. அவள் பேசும்போது உன் தலையில் ஹெட்போன் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். "ஒரு நிமிசம், பாட்டு முடியட்டும்" என்று கையைக் காட்டுகிறாய். என் பிள்ளை என்று சொல்ல வேறு அடையாளமே வேண்டாம். அதை மட்டும் விட்டுவிடு.

சுகந்தி கைப்பையில் கேசட் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருநாள் பகலில் உட்கார்ந்து கேள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள். பாட்டையெல்லாம் ஓட்டிவிட்டுப் போனாலும் பரவாயில்லை. ஆனால் பாட்டு முடிந்த பிறகு வருகிற அந்த நான்கு நிமிடத்தை ஓட்டாதே. முழுக்கக் கேள். அது உன் அப்பன் செய்தது. பிறகு அம்மா பேசுவாள். அவள் குரலைத் தறிச் சத்தத்திலிருந்து பிரித்துத் தனியாக எடுக்காதே. அவள் சிரிப்பும் தறியும் உன் டக்கடக்கவும் ஒரே இடத்தில் நின்று கேட்கட்டும், அங்கே அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று. காதர் பாயின் டூ இன் ஒன் பழசு, அது சரியாக அழிக்காது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் அந்த இரைச்சலுக்குள் ஏதோ முணுமுணுப்பது போல எனக்கு இருக்கும். வயசான காது, ஆசைப்பட்டதைக் கேட்கிறதோ என்னவோ. உன் கம்ப்யூட்டரில் போட்டு, இரைச்சலை எடுக்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார். நீ எத்தனையோ பாட்டைப் பிரித்தவன், இது முடியுமா என்று பார். எதை மறக்கக் கூடாது என்று சொன்னாள் என்று தெரிந்தால், எனக்கு உடனே போன் போடு எய்யா. அங்கே என்ன மணி, இங்கே என்ன மணி என்று பார்க்காதே. எனக்குக் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதும் செய்யக்கூடிய காரியமாகவே அது இருக்கலாம்.

அப்பா